ஆற்றை உள்ளே வைத்துக் கட்டிய எல்லை

பௌர்ணமி நெருங்கினால் எனக்குப் பயம்தான். ரங்கூன் தாகேதாவில் எங்கள் வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவே இரண்டு தெருதான். கடல் ஏறும் நாட்களில் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வந்து வாசல் பலகையை ஒட்டிக் கறுப்பாக நிற்கும். அக்கம்பக்கத்தார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே நடந்து போவார்கள். நான் அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். இங்கே கணுக்காலை நனைக்கிற அதே தண்ணீர் நான் பிறந்த ஊரில் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவள் நான்.

பெகுவுக்குத் தெற்கே, சித்தாங் ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு மேற்குக் கரையில் இருந்தது எங்கள் ஊர். அந்தப் பக்கத்து நிலத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மலை கிடையாது, மேடு கிடையாது. தோண்டினால் ஒரு கூழாங்கல்கூடக் கிடைக்காது, எல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்து வண்டியில் வர வேண்டும். மழைக்காலத்தில் நெல். தண்ணீர் வடிந்ததும் அதே வயலில் உளுந்தும் பாசிப்பயறும். வெயில் காலத்தில் கால் நுழைகிற அளவுக்குத் தரை வெடித்துக் கிடக்கும். நடுநடுவே பனைமரங்கள், எருமைகள், கட்டைக் கால்களில் நிற்கும் கீற்று வீடுகள். வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். திசை தெரியாமல் போய்விடாதபடி எங்களுக்கு இருந்த அடையாளம் கிழக்கே கேட்கும் ஆற்றுச் சத்தம் ஒன்றுதான்.

ஆற்று வாய் அங்கே புனல் மாதிரி அகன்று கிடக்கிறது. அதனால் கடல் ஏறும்போது தண்ணீர் மெல்ல மெல்ல உயராது. ஒரு சுவராக எழுந்து, இரைந்துகொண்டு, கரையைச் சீவிக்கொண்டு மேலே ஏறி வரும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அது பெரிதாக வரும். பங்குனி சித்திரையில் மிகப் பெரிதாக வரும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "வருது" என்று மட்டும் சொல்வார்கள். பெயர் வைத்தால் கூப்பிட்டதாகிவிடும் என்று பயம்.

எங்கள் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். மேஸ்திரி ஒருவன் ரங்கூன் துறையில் இறக்கி, நெல் அறுப்புக்கென்று அந்தப் பக்கம் கூட்டிப்போனானாம். அப்போது அங்கே பாதிக்குமேல் காடும் கோரையும். வெட்டினார்கள், எரித்தார்கள், உப்புத் தண்ணீர் ஏறாதபடி மண்ணணை போட்டார்கள். நிலம் செட்டியார் கையில் இருந்தது, உழைப்பு எங்களுடையது. ஜப்பான்காரன் சண்டை வந்தபோது நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள் போனார்கள். நடக்க முடியாத பிள்ளைகுட்டிக்காரர்கள் தங்கிவிட்டார்கள். பிறகு நிலமெல்லாம் அரசாங்கத்துக்கு என்றானது, உழுகிற உரிமை மட்டும் நமக்கு. மறுபடியும் கப்பல் வந்தது, மறுபடியும் கொஞ்சம் பேர் போனார்கள். ஒவ்வொரு தடவையும் போகாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். இத்தனைக்கும் அசையாத ஊரை அசைத்தது அந்த ஆறு.

ஆறு ஒரு கரையைத் தின்று எதிர்க்கரையில் துப்பும். ஒரு தலைமுறை இந்தப் பக்கம் தின்னும், அடுத்த தலைமுறை அந்தப் பக்கம். எங்கள் காலத்தில் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் சிறுபெண்ணாக இருந்தபோது வீட்டிலிருந்து ஆற்றைப் பார்க்க எருமை வண்டியில் போக வேண்டும். கல்யாணமாகி ரங்கூன் வந்த பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் போகும்போது அந்தத் தூரம் குறைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் நின்று பாத்திரம் கழுவும்போது தலையைத் தூக்கினால் ஆறு தெரிந்தது.

எனக்கு ஒரே அண்ணன். அவனும் அண்ணியும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் பையன் மலேசியாவில் வேலையில் இருக்கிறான். வருடா வருடம் அண்ணன் வயலிலிருந்து எனக்கு ஒரு மூட்டை உளுந்து வரும். அதை வைத்துத்தான் காலையில் வாசலில் இட்லி போடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஓடைக்கு அக்கரையில் பசுந்தாங்கில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை. அவருடைய அப்பா பர்மியர், அம்மா தமிழ். புத்தரையும் கும்பிடுவார், எங்கள் அம்மனையும் கும்பிடுவார், இரண்டு பேரையும் கிண்டலும் செய்வார்.

எங்கள் ஊர் அம்மன் எல்லைக்காளி. பங்குனியில் திருவிழா. அதற்கு முன்னால் எல்லை கட்ட வேண்டும். ஊரின் நான்கு திக்கிலும் ஒவ்வொரு கல். முன்னோர்கள் எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்து நட்டவை. பூசாரியும் தலைக்கட்டுக்காரர்களும் கிழக்குக் கல்லில் தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் எலுமிச்சம்பழம் அறுத்து, மஞ்சள் சோறு வீசி, ஊரைச் சுற்றிவந்து கிழக்குக் கல்லிலேயே முடிப்பார்கள். கட்டிய எல்லைக்குள் நோயும் பேயும் நுழையக் கூடாது. அன்றைக்கே ஆண்கள் வலது கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள், அவ்வளவுதான். காப்புக் கட்டியவன் பௌர்ணமியன்று கிழக்குக் கல்லில் அதை அவிழ்க்கிற வரைக்கும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்களுக்கு இந்தக் கட்டாயமெல்லாம் இல்லை. நாங்கள் விருந்தாளிகள்.

கடைசியாக நடந்த அந்தத் திருவிழாவுக்கு நான் போனபோது கிழக்குக் கல் இல்லை. மழைக்காலத்திலேயே கரையோடு சரிந்து ஆற்றுக்குள் போய்விட்டதாம். கல் இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் வெகுதூரத்தில். கோயில் வாசலில் எல்லோரும் கூடி நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லே இல்லாம எங்கப்பா போயி எல்லை கட்டுறது?" என்றார் பூசாரி. "கரையில ஒரு மூங்கில நடுவோம். இனிமே அதான் கிழக்கு."

கிழக்குக் கல் எங்கள் குடும்பத்துப் பொறுப்பு. அண்ணன் முன்னால் வந்தான். "இன்னிக்குக் கரையில நடுவீங்க. அடுத்த வருசம் அதும் போகும். அப்புறம் கோயில் வாசப்படியில நடுவீங்களா? அம்மா எல்லையச் சுருக்குறதுக்கு நாம யாரு சாமி?"

"அப்ப தண்ணிக்குள்ள போயிக் கட்டுவியா?"

"கட்டுறேன். படகு இருக்குல்ல."

அம்மன் பேரைச் சொல்லிவிட்டான், யார் மறுப்பார்கள்? எனக்கும் அப்போது அது பெரிய காரியமாகத்தான் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அது அரை நிலா நாள். கடல் அடங்கியிருந்தது. அண்ணனும் பூசாரியும் படகில் போய், கல் இருந்த இடம் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் நீளமான மூங்கிலைச் சேற்றில் இறக்கி, வேப்பிலை கட்டி, பழம் அறுத்துப் போட்டார்கள். கரையில் நின்று நாங்கள் குலவை போட்டோம். அங்கிருந்து ஊரைச் சுற்றிவந்து மறுபடியும் படகில் போய் மூங்கிலில் முடித்தார்கள். திரும்பி வந்த கையோடு பூசாரி எல்லோருக்கும் காப்புக் கட்டினார். அண்ணன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம். பெண்களெல்லாம் கோயில் முன்னால் பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தோம். "வருது" என்று யாரோ கத்தினார்கள். அது புதிதல்ல. நாங்கள் தலையை நிமிர்த்திவிட்டு வேலையைப் பார்த்தோம். சத்தம் வந்தது, கடந்து போனது. அதற்குப் பிறகுதான் என் காலடியில் தரை ஒரு தடவை மூச்சு விட்டதுபோல் அசைந்தது. அடுப்புக்கும் கோயிலுக்கும் குறுக்கே ஒரு கோடு. கோலம் போட்ட மாவு சிந்திய மாதிரி மெல்லிய கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் கை போகும், பிறகு ஆளே போகலாம். கரையோரப் பனைமரங்கள் சாயக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே கீழே இறங்கின. கோயில் முன் மண்டபம் இறங்கியது. எங்கள் அடுப்புகள் புகைந்தபடியே போயின.

மேற்கே ஓடினோம். பூசாரி அம்மனைப் புடவையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மேற்குக் கல்லைத் தாண்டும் இடத்தில் ஆண்கள் காப்பைப் பல்லால் கடித்து அறுத்துக் கல்லின்மேல் போட்டுவிட்டுத் தாண்டினார்கள். அண்ணன் நின்றுவிட்டான்.

"அறுத்துட்டு வாங்களேன்!" என்று அண்ணி அலறினாள்.

"அவுக்குற இடம் இது இல்லடி."

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லைத் தாண்டினாள். காப்போடு எல்லை தாண்டினான் அண்ணன். திரும்பிப் பார்த்தேன். கரை எங்கோ பின்வாங்கிவிட்டது. ஆற்றுக்கு நடுவில் அந்த மூங்கில் மட்டும் வேப்பிலையோடு நின்றுகொண்டிருந்தது.

பூசாரி தன் மகள் ஊருக்குப் போனார். அது சண்டை நடக்கிற பக்கம், போன் வேலை செய்வதில்லை, அவரோடு பேச முடியவில்லை. மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அண்ணனையும் அண்ணியையும் நான் தாகேதாவுக்குக் கூட்டிவந்தேன்.

இங்கே வெளியூர் ஆள் வீட்டில் தங்கினால் வார்டு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். ராணுவம் ஆள்கிற இந்தக் காலத்தில் அதைச் சொல்லாமல் விட யாருக்கும் துணிச்சல் கிடையாது. வீட்டுக்காரர் அண்ணனைக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்டார்களாம். ஊர் ஆற்றில் போய்விட்டது என்றார்களாம். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாராம். "இல்லாத ஊர்லேருந்து எத்தனை நாளைக்கு வந்திருக்காங்கன்னு கேட்டான். யவுக்பா கண்ணுல தண்ணி வந்துட்டுது. அப்புறம் அவனே ஏதோ எழுதிக்கிட்டான்" என்றார் வீட்டுக்காரர். யவுக்பா என்றால் பர்மியத்தில் மச்சான். அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் வாரத்திலேயே அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. சித்திரை வெயில், கரண்டு கிடையாது, கொசு வேறு. காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அண்ணன் பாயோரத்தில் உட்கார்ந்துகொண்டு காப்பைத் திருகித் திருகிப் பார்த்தான். எனக்கு மாவு பொங்கவில்லை, அதற்கும் காப்பைப் பார்த்தான். பக்கத்து வீட்டில் பூனை செத்தது, அதற்கும்.

"கொசு கடிச்சாலும் அம்மா கோவமா?" என்றாள் அண்ணி படுத்தபடியே. "அப்படிப் பாத்தா ரங்கூன் முழுக்க அம்மாவுக்குக் கோவந்தான்."

அண்ணன் சிரிக்கவில்லை. "காப்போட தாண்டிட்டேன்ல. எத்தனை ராத்திரி வெளியில படுத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டறிந்துகொண்ட பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "யவுக்பா, எனக்கு ஒன்னு புரியலை. எல்லை கட்டுறது எதுக்கு? கெட்டது உள்ள வராம இருக்க. நீங்க ஆத்த உள்ள வச்சுல்ல கட்டிட்டீங்க? திருடன வீட்டுக்குள்ள விட்டுட்டுக் கதவைப் பூட்டின மாதிரி."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணன் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தான். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே. கரையில் மூங்கிலை நட்டிருந்தால் ஆறு எல்லைக்கு வெளியே நின்றிருக்கும். எல்லையைச் சுருக்கக் கூடாது என்ற பக்தியில் ஆற்றை அம்மன் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காவல் போட்டுவிட்டோம். அப்படி நினைப்பது சரியா, தப்பா, எனக்குத் தெரியாது. நான் நாலாம் வகுப்புப் படித்தவள். ஆனால் அண்ணன் அன்றையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது அவன் வாயைத் திறந்தான். ஊர்ப்பக்கத்தில் பயறு வியாபாரம் செய்கிற ஒருவரோடு போனில் பேசினானாம்.

"மூங்கில் இன்னும் நிக்குதாம்" என்றான்.

"நிக்கட்டும். அதுக்கென்ன இப்ப?"

"பௌர்ணமிக்குப் போறேன். படகுல போயி அதுகிட்ட காப்பை அவுத்துட்டு, மூங்கிலப் புடுங்கிட்டு வந்துடுறேன். ஆத்த வெளிய விடணும். நான்தான் உள்ள விட்டேன், நான்தான் விடணும்."

பௌர்ணமியன்று அந்த ஆற்று வாயில் படகா? அங்கே பிறந்தவர்கள் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அந்தச் சுவர் வரும்போது பெரிய மரக்கலமே கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தவர்கள் உடல்கூடக் கிடைத்ததில்லை. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவனே அவன்தான். அவனுக்கு அம்மன் பயம், எனக்கு ஆற்றுப் பயம். இரண்டு பயமும் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, சித்தாங்கும் பெகு ஆறும் கால்வாயில சேருதுல்ல? பெகு ஆத்துத் தண்ணிதானே நம்ம ஓடை வாயிக்கும் வருது? நம்ம ஊரு மண்ணும் இதுல வரும். இங்கயே அவுத்து விடேன்."

பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான். "கால்வாய்க்கு மதகு இருக்குடி. நம்ம ஊரு மண்ணு கடலுக்குப் போயிடுச்சு. அம்மாகிட்டயே புளுகப் பாக்குறியா?"

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, இட்லிக் கடையில் கூட்டம். அடுத்த நாள் பர்மியருக்குப் புத்தர் பிறந்த கசோன் பௌர்ணமி, போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் பூவும் குடமும் வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று கிளம்பினான். நானும் தலையாட்டினேன். கூட்டம் கலைந்து அடுக்களைக்குள் போனேன். அம்மனுக்கென்று தட்டில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் இல்லை. மஞ்சள் பொட்டலமும் இல்லை.

அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றும் நினைவில்லை. ஓடினேன். கடைத்தெரு முனையில் பெகுப் பக்கம் ஆள் ஏற்றிப் போகிற லைன் கார்கள் நிற்கும். ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. பின் பலகையில் ஆட்களுக்கு நடுவே மடியில் துணிப்பையோடு அண்ணன். காரைத் தட்டிக்கொண்டே ஏறிவிட்டேன். கண்டக்டர் பையன் என் மாவுக் கையைப் பார்த்து, "அம்மே, இட்லியும் கொண்டாந்தீங்களா?" என்றான். காரே சிரித்தது.

"எறங்கு அண்ணே."

"நீ எறங்குடி. வீட்டுக்குப் போ."

"நீ எறங்குனாதான் நான் எறங்குவேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கார் ஓடியது. கடைகள் போயின, வீடுகள் குறைந்தன. வெயில் தகரத்தில் விழுந்து கார் அடுப்பு மாதிரி இருந்தது. எனக்கெதிரே உட்கார்ந்திருந்த கிழவி சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து ஆளும் பையைத் துழாவினான். ஒவ்வொருவராக எடுத்தார்கள். சிரிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் சோதனைக் கேட் வருகிறது. எல்லோரும் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். என்னுடையது வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அட்டை இல்லாமல் கேட்டில் நின்றவர்களைப் பற்றித் தெருவில் எத்தனை கதை. சிலதாவது பொய்யாக இருக்கலாம். எது பொய் என்று யாருக்குத் தெரியும்? என் மடியில் ஒன்றும் இல்லாததை அண்ணனும் பார்த்துவிட்டான்.

"அட்டை எங்க?"

"வீட்டுல."

"கேட்டு வருதுடி. எறங்கித் தொலை!"

"முடியாது."

நான் வீம்புக்குச் சொல்லவில்லை. நான் இறங்கினால் அவன் ஆற்றுக்குப் போய்விடுவான். எதிரே இருந்த கிழவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் கையை என் முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "உன் ஆளா? என்ன சண்டை?" என்று பர்மியத்தில் கேட்டாள். அண்ணன் என்றேன். "அண்ணனா? அப்ப தங்கச்சிய இப்படியே விட்டுட்டுப் போயிடுவியாப்பா?" என்று அவனைக் கேட்டாள்.

தூரத்தில் மணல் மூட்டையும் மரத்தடுப்பும் தெரிந்தன. வரிசையில் வண்டிகள். அம்மா, தாயே, எல்லைக்காளி, என்று மனசுக்குள் ஓடியது. வேறொன்றும் வரவில்லை. அண்ணன் தடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தகரத்தை உள்ளங்கையால் தட்டினான். "எறங்கணும், நிறுத்து, நிறுத்து!"

கண்டக்டர் பையன் முணுமுணுத்தபடி நிறுத்தச் சொன்னான். அண்ணன் என்னை அக்குளில் கைகொடுத்து இறக்கினான். கார் போய்விட்டது. ரோட்டோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் கரும்புச்சாறு விற்கிறவள். அவள் போட்டிருந்த சின்ன முக்காலிகளில் உட்கார்ந்தோம். கேட் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"உனக்கு ஏதாச்சும் அறிவு இருக்கா?" என்று கத்தினான். "புடிச்சிக்கிட்டுப் போயிருந்தா?"

"ஆத்துல நீ போனா மட்டும் பரவால்லையா?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லு. அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது? புள்ளைக்குப் போன்ல என்ன சொல்றது? அப்பா மூங்கில் புடுங்கப் போனாருன்னா?"

அவன் தலையைக் குனிந்து காப்பைத் திருகினான். கயிறு அழுக்கேறி நிறம் மாறிவிட்டது, மஞ்சள் துண்டு சுருங்கிக் கிடந்தது. அதன் கீழே தோல் புண்ணாகியிருந்தது. மெதுவாகச் சொன்னான்: "இது கையில இருக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லடி. கண்ண மூடினா மூங்கிலு. தண்ணிக்கு நடுவுல நின்னுகிட்டு என்னைப் பாக்குது. நான் என்ன பண்றது?"

இத்தனை நாளும் அவனைத் தடுக்கத்தான் பார்த்தேனே தவிர, அவன் படுகிற பாட்டைப் பார்க்கவில்லை. என் அண்ணன் பயந்து நடுங்குவதை நான் முன்பு கண்டதில்லை. அப்போது எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஒரு திருவிழாவில் காப்புக் கட்டிய பிறகு அவர் மாமனார் வீட்டில் சாவு விழுந்துவிட்டது. தீட்டோடு காப்பு இருக்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. பூசாரி என்ன செய்தார்? பெரியப்பா கையிலிருந்த காப்பை முடிச்சவிழ்க்காமல் உருவி எங்கள் அப்பா கையில் மாட்டிவிட்டார். ரத்தப் பங்காளி வாங்கிக்கொண்டால் அது அவிழ்த்ததாகாது.

"எங்கிட்டக் குடு அண்ணே" என்றேன்.

"என்னத்த?"

"காப்ப. அப்பா வாங்கலையா? நான் வாங்கிக்கிறேன்."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு. உனக்கு அந்த எல்லை கிடையாது."

"கட்டிக்குடுத்தா ரத்தம் மாறிடுதா? ஒரு வயித்துப் பொறப்புதானே நாம?"

"பைத்தியம். அதோட நீ தாகேதாவுல படுத்தா ஒவ்வொரு ராத்திரியும் எல்லைக்கு வெளியதான். அம்மா கேப்பா."

"எங்கிட்டக் கேக்கட்டும். பதில் நான் சொல்லிக்கிறேன்."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கரும்புச்சாறுக்காரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் இன்னொரு பெகு கார் வந்து வேகத்தைக் குறைத்தது. அண்ணன் அதைப் பார்த்தான். நான் கையை விடவில்லை. கார் போனது.

வெகுநேரம் கழித்து அவன் விரல்களைக் குவித்துக் கையை நீட்டினான். முடிச்சு இறுகியிருந்தது. புண்ணில் உரசாமல் உருவ முடியவில்லை. "வலிக்குதா?" என்றேன். "வலிக்கட்டும்" என்றான். கடைக்காரியிடம் கொஞ்சம் எண்ணெய் கேட்டேன். அவள் தன் முடியில் தடவுகிற எண்ணெயைத் தந்தாள். தடவி உருவினேன். காப்பு கழன்று வந்ததும் அவன் கையை இழுத்துக்கொண்டு மணிக்கட்டைத் தேய்த்தான். நான் கிழக்கே பார்த்து, "அம்மா, இவன் விட்டதை நான் எடுத்துக்கிறேன். மூங்கிலை நீயே பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லி, இடது கையில் மாட்டிக்கொண்டேன். சூடாக இருந்தது, அவன் உடம்புச் சூடு.

வீட்டுக்கு எதிர்ப்பக்கக் காரில் வந்தோம். வரும் வழியெல்லாம் அவன் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி.

இப்போது அவன் என் வீட்டுக்காரரோடு பசுந்தாங் பட்டறைக்குப் போகிறான். இரும்புத் தூள் படிந்த கையோடு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிடுகிறான். ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. மூங்கில் நிற்கிறதா என்று பயறு வியாபாரியைக் கேட்பதுமில்லை. நான் கேட்டேன், ஒரே ஒரு தடவை. நிற்கிறதாம். அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

இங்கே கோயிலில் ஐயரிடம் காப்பைக் காட்டினேன். "இது எங்க சாமி கட்டினது இல்லம்மா, நான் தொட மாட்டேன்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பூசாரி இருக்கும் பக்கம் போக இன்னும் வழி திறக்கவில்லை. கயிறு நாளுக்கு நாள் நைந்துவருகிறது. மாவு கரைக்கும்போது இடது கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், நனைந்து தானாக அறுந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்கிறேன். வீட்டுக்காரர் இதற்கும் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இருட்டும் நேரத்தில் விளக்கேற்றிவிட்டு நிற்கும்போது பயம் வரும். இன்றைக்கும் எல்லைக்கு வெளியேதான் படுக்கப்போகிறோம் என்று. "அம்மா, எங்க படுத்தாலும் உன் பொண்ணுதானே" என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் காதில் விழுகிறதோ இல்லையோ. அண்ணன் அப்போது வாசல் பலகையில் உட்கார்ந்து அண்ணியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான். என் கையைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டுதான் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.